கல்லுக்குள் கிடக்கும் கடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணறு வெட்டியவர்கள் எல்லோரும் ஒரு பழைய கடலின் அடித்தளத்தை உடைத்தவர்கள் என்று சொன்னால் உங்களிற் சிலர் வியப்படையக்கூடும். செம்மண்ணும் மணலும் எங்கள் நிலத்தின் மேற்போர்வை மட்டுமே. அந்தப் போர்வையின் கீழே சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. அதை அலவாங்கினால் பிளந்தும், வேண்டிய இடத்தில் வெடிவைத்தும் எங்கள் முன்னோர் தண்ணீரைக் கண்டார்கள். மேலே குவித்த கல்லிலே சிப்பியின் வடிவமும், திருகாணி போன்ற உருவங்களும், பொட்டுப் பொட்டான வட்டங்களும் இருப்பதை அநேகர் கண்டிருப்பார்கள். கண்டும் வேலிக்கரையிலே கொட்டியிருப்பார்கள்.

நான் குருநகரைச் சேர்ந்தவன். முன்னர் கரையூர் என்று வழங்கிய ஊர் அது. புவிச்சரிதவியலை நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கற்றவனல்லன். கிணற்றுக் கற்குவியல்களிலும் கடற்கரையிலும் அகப்பட்ட உயிர்ச்சுவடுகளைப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வருபவன், அவ்வளவுதான். சேர்ப்பது இலகு. சேர்த்த பொருள் இன்னதென்று சொல்வதே கடினம். அந்தக் கடினத்தின் சரித்திரத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

புரியாத பொருளொன்றைக் கண்டதும் அதற்கு ஒரு கதை சொல்வது மனித இயல்பு. தமிழ்நாட்டில் விழுப்புரத்தை அடுத்த திருவக்கரையிலே கல்லாகிப்போன பெருமரங்கள் கிடக்கின்றன. அவை வக்கிராசுரன் என்னும் அசுரனுடைய எலும்புகள் என்பது அவ்வூர் ஐதீகம். நேபாளத்துக் கண்டகி ஆற்றிலே கிடைக்கும் கரிய கல்லுக்குள் சக்கரம் போன்ற சுருள் இருக்கும். அதனைச் சாளக்கிராமம் என்று பூசையில் வைத்து வழிபடுகிறார்கள்; அந்தத் தலத்தை ஆழ்வார்கள் பாடியிருக்கிறார்கள். கணவாய்க்குத் தூரத்து உறவான அமோனைற் என்னும் கடலுயிரின் ஓடே அந்தச் சக்கரம். அதன் வயது ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகள் என்று இன்று கணிக்கிறார்கள். மால்ற்றாத் தீவில் முக்கோண வடிவான கற்கள் பாறையில் கிடைத்தன. அத்தீவிலே கரையொதுங்கிய அர்ச். சின்னப்பர் பாம்புகளைச் சபித்தார் என்றும், அந்தப் பாம்புகளின் நாக்குகளே கல்லாயின என்றும் மக்கள் நம்பினர். நாக்குக்கல் என்று பெயரிட்டு விஷத்துக்கு மருந்தாகவும் கொண்டார்கள்.

இவற்றையெல்லாம் அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை. திருவக்கரைக் கல்லை எலும்பு என்றவர் மரத்தை எலும்பாகக் கண்டார் என்பது உண்மை. ஆனால், அது வெறுங்கல்லன்று, ஒருகாலத்தில் உயிரோடு இருந்த பொருள் என்பதை அவர் கண்டுகொண்டார். சாளக்கிராமத்தை வணங்கியவர் அந்தச் சுருள் தற்செயலாகத் தோன்றியதன்று என்பதைக் கண்டுகொண்டார். அடையாளம் காணும் முயற்சியில் இவை முதற்படிகள். அடுத்த படிக்கு உதவியவர்கள் கடற்றொழிலாளர்கள் என்பதை எங்கள் ஊரவர் அறிந்தால் மகிழ்வர்.

1666 ஒக்டோபரில் இத்தாலியின் லிவோர்னோ நகருக்கு அருகே மீனவர்கள் மிகப் பெரிய சுறா ஒன்றைப் பிடித்தார்கள். அதன் தலை புளோரன்ஸ் நகருக்கு அனுப்பப்பட்டது. அங்கே இருந்த நிக்கொலாஸ் ஸ்டெனோ என்னும் டென்மார்க் நாட்டு வைத்தியர் அதை அறுத்துப் பார்த்தார். வாயினுள் வரிசை வரிசையாக இருந்த பற்களைக் கண்டதும் நாக்குக்கற்கள் அவர் நினைவுக்கு வந்தன. இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. மறு ஆண்டிலே அதைப் பற்றி எழுதினார். கற்கள் சுறாவின் பற்களானால், மலையிலே அவை கிடக்கும் இடம் ஒருகாலத்தில் கடலாக இருந்திருக்க வேண்டும். நிலம் அடுக்கடுக்காகப் படிந்தது, அடியில் உள்ளது மூத்தது என்று அவர் பின்னர் வகுத்த விதி இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. அவரே பிற்காலத்தில் கத்தோலிக்க ஆயராகி, 1988 இல் முத்திப்பேறு பெற்றவராகவும் அறிவிக்கப்பட்டார்.

இதிலிருந்து நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. செத்ததை அறிய வேண்டுமானால் உயிரோடிருப்பதை அறிந்தவரிடம் போகவேண்டும். எங்கள் ஊரிலே சுறாவின் பல்லையும், திருக்கையின் முள்ளையும், சோகியையும், ஊரியையும், மட்டியையும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே பெயர் சொல்லும் பெரியவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் நான் கேட்டறிந்தது எந்த நூலிலும் வாசித்ததிலும் அதிகம்.

ஒரு தடவை, கிணற்றுக்கல் ஒன்றிலே பதிந்திருந்த புரியைக் கண்டு எங்கள் ஒழுங்கை முழுவதும் கூடிவிட்டது. "தம்பி, இது வலம்புரி. கல்லாப் போச்சுது" என்றார் சங்கு குளித்துப் பழகிய ஓர் அண்ணை. ஆயிரக்கணக்கான சங்குகளில் ஒன்றுகூட வலம்புரியாக அமைவதில்லை என்பதையும், அதற்கு உள்ள மதிப்பையும் அவர் அறிவார். ஆனால் அந்தக் கல்லில் இருந்தது ஓடன்று. ஓடு பதிந்த பள்ளம். முத்திரையிலே எழுத்து எப்படி இடம்வலம் மாறியிருக்குமோ அப்படியே பள்ளத்திலும் புரி மாறித் தெரியும். மெழுகை உருக்கி அதனுள் வார்த்து, ஆறவிட்டு எடுத்தோம். அண்ணை அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சரிதான், இது எங்கடை வழமையான புரி. சங்குமில்லை. சங்குக்குத் தோள் இப்பிடி இறங்காது" என்றார். கல்லின் புதிரை மெழுகு பாதி அவிழ்த்தது. மீதியை அவருடைய கை அவிழ்த்தது.

ஓடு எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். எல்லா ஓடும் ஒரே விதமான சுண்ணாம்பால் ஆனதன்று. நத்தையினங்களிற் பெரும்பாலானவற்றின் ஓடு அரகொனைற் என்னும் கனிப்பொருளாலானது. மழைநீர் கல்லினூடே ஊறும்போது அது கரைந்துவிடும். ஓட்டினுள்ளே நிறைந்து இறுகிய சேறு மாத்திரம் உள்வார்ப்பாக எஞ்சும். திருகாணிபோல் தோன்றுவது நீண்ட கூம்பு நத்தையின் உள்வார்ப்பு. நெஞ்சாங்குலை போல் தோன்றுவது இரட்டைச் சிப்பியின் உள்வார்ப்பு. கல்சைற் என்னும் உறுதியான வகையால் ஆன முருங்கைச்சிப்பி போன்றவை கரையாமல் ஓட்டோடு நிலைக்கும். இந்த ஒரு விஷயம் விளங்கியதும் எனது பெட்டியிலே பெயரில்லாமற் கிடந்த பாதிக் கற்கள் பேசத் தொடங்கின.

எங்கள் கடனீரேரியின் சேற்றிலோ வேறொரு வகைச் சங்கு கிடக்கிறது. உயிர் போய், நிறம் வெளிறி, ஆனால் கல்லாகாமல் புதைந்து கிடப்பது அது. சென்னை அரசாங்கத்தின் முத்து, சங்குக் குளிப்புகளை மேற்பார்வை செய்த ஜேம்ஸ் ஹோர்னெல் 1914 இல் வெளியிட்ட சங்கு பற்றிய நூலிலே யாழ்ப்பாணத்தில் இத்தகைய செத்த சங்குகளைத் தோண்டியெடுக்கும் தொழிலும் பேசப்படுகிறது. வங்காளத்து வளையற்காரர்களுக்கே சங்குகள் போயின. ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன்னர் இலங்கைக் கரையோரத்தில் கடல் மட்டம் இன்றையதிலும் ஓரிரு மீற்றர் உயர்ந்திருந்தது என்று ஆய்வாளர் கூறுவர். சேற்றுச் சங்குகளை அந்த அளவான காலக்கணக்கிலே வைத்து எண்ணவேண்டும். ஆக, வலையில் வரும் உயிர்ச்சங்கு, சேற்றிலுள்ள செத்த சங்கு, கல்லிலுள்ள நத்தையின் வார்ப்பு ஆகிய மூன்றையும் குருநகரில் ஒரே மேசையில் வைக்கலாம். முதலாவதின் வயது சில ஆண்டுகள். இரண்டாவதை ஆயிரத்தில் எண்ணவேண்டும். மூன்றாவதைக் கோடியில் எண்ணவேண்டும்.

கோடி என்று எப்படித் தெரிந்தது? இதுதான் யாழ்ப்பாணத்தின் பெரிய புதிர். இந்தக் கல்லை நாங்கள் முருகைக்கல்லோடு சேர்த்தே பேசுகிறோம். 1859 இல் இலங்கை பற்றிய பெருநூலை வெளியிட்ட எமர்சன் ரெனன்ற்கூட, வடபகுதி முருகைக்கல்லும் மணலும் சேர்ந்து அண்மைக்காலத்தில் எழுந்த நிலம் என்றே கருதினார். பார்த்த மாத்திரத்தில் அப்படித்தான் தோன்றும். புதிரை விடுவித்தது பெரிய எலும்பு எதுவுமன்று. பயறளவான ஒரு வட்டம்.

அந்த வட்டத்தின் கதை யாழ்ப்பாணத்தில் அன்று, கேரளத்துக் கொல்லத்தில் ஆரம்பிக்கிறது. திருவிதாங்கூரில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த ஜெனரல் கலன் அங்கே ஒரு சுண்ணாம்புக்கல்லைக் கண்டார். அதிலே சில மில்லிமீற்றர் அளவான தட்டுகள் நிறைந்திருந்தன. பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக இருந்த எச். ஜே. காட்டர் அவற்றை ஆராய்ந்து, போராமினிபெரா என்னும் ஒற்றைக்கல உயிரின் ஓடு என்று கண்டு, மலபாரின் பெயரால் 1853 இல் அதற்குப் பெயரிட்டார். ஒருவர் இராணுவத்தவர், மற்றவர் வைத்தியர். இருவருக்கும் கல் தொழிலன்று.

இலங்கையிலே கனிப்பொருள் ஆய்வுப் பணியிலிருந்த ஈ. ஜே. வேலண்ட் இங்கிருந்து உயிர்ச்சுவடுகளைச் சேகரித்தார். அவற்றை இலண்டனில் மோர்லி டேவிஸ் ஆராய்ந்தார். இருவரும் 1923 இல் வெளியிட்ட கட்டுரையினால் இலங்கையின் வடமேற்குக் கல் மயோசீன் காலத்தது என்பது நிலைநாட்டப்பட்டது. கொல்லத்து வட்டம் இங்குள்ள கல்லிலும் இருந்தது. 1950 இல் ஈம்ஸ் என்னும் ஆய்வாளர், கொல்லத்துப் படிவும் இலங்கைப் படிவும் மயோசீன் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்தவை என்று எழுதினார். இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 1.6 கோடி முதல் 2 கோடி ஆண்டுகள் வரை முற்பட்ட காலம். கீரிமலை ஊற்றுக்கும் நிலாவரைக் கிணற்றுக்கும் வழிவிட்ட கல், சேரநாட்டுக் கரையிலும் அலையடித்த ஆழங்குறைந்த வெதுவெதுப்பான கடலின் படிவு என்பதை ஒரு பயறளவான ஓடு சொல்லித் தந்தது.

தொழில்முறை ஆய்வாளரல்லாதவர் கைகொடுத்த இத்தகைய கதைகள் இன்னும் பல. 1840 அளவில் சென்னை அரசாங்கச் சேவையாளரான கேயும் கன்லிஃப்பும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களிலே உயிர்ச்சுவடுகளைச் சேர்த்து இலண்டனுக்கு அனுப்பினர். எட்வேர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை விவரித்து எழுதிய அறிக்கை 1846 இல் வெளிவந்தது. அரியலூர்ப் பகுதியின் புகழ் அங்கிருந்தே தொடங்கியது. எங்கள் நாட்டிலும் இரத்தினபுரியில் மாணிக்கம் தேடிக் குழி வெட்டும் தொழிலாளருக்கு இல்லம் என்னும் சரளைப் படையில் பற்களும் எலும்புகளும் அகப்பட்டன. நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல அவற்றைக் கேட்டு வாங்கி ஆராய்ந்தார். இந்நாட்டில் நீர்யானையும் காண்டாமிருகமும் வாழ்ந்தன என்று அதனால் தெரிந்தது. குருவிட்டையில் கிடைத்த பல்லைக் கொண்டு 1939 இல் இலங்கைச் சிங்கம் என்னும் அழிந்த துணையினத்தை விவரித்தார். 2005 இல் வேறு ஆய்வாளர்கள் அந்தப் பல்லை மீளவும் நோக்கிச் சிங்கம் என்பதை ஏற்றனர். வேறு இடத்து எச்சங்களிலிருந்து புலியும் இங்கு வாழ்ந்தது என்று சேர்த்துக்கொண்டனர். ஒரு பல்லைப் பார்த்து 66 ஆண்டுகளுக்குப் பின்னரும் கேள்வி கேட்க முடிந்தமைக்குக் காரணம், அந்தப் பல் எங்கிருந்து வந்தது என்பது எழுதப்பட்டிருந்தமையே.

கண்ணின் ஆசை கல்லை ஏமாற்றும் சந்தர்ப்பங்களும் உண்டு. 2020 ஒக்டோபரில் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்திலே குளத்து மண் எடுத்தபோது உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனசோர் முட்டைகள் என்று செய்தி பரவியது. வந்து பார்த்த துறையறிஞர்கள் அவை அமோனைற்றைச் சுற்றிப் படிந்து திரண்ட கற்கள் என்றார்கள். உருண்டையெல்லாம் முட்டையன்று. பாறை வெடிப்பிலே மங்கனீசு படர்ந்து இலைபோலத் தோன்றுவதெல்லாம் செடியன்று. வினாகிரித் துளி பட்டு நுரைப்பது சுண்ணாம்பு என்பதை மட்டுமே சொல்லும். உயிர்ச்சுவடு என்று சொல்லாது. துறை போனவர்களுக்கும் ஐயம் தீராத பொருள்கள் இருக்கின்றன. அரியலூர்ப் பகுதிக் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளை 1987 இல் யாதகிரியும் அய்யாசாமியும் விவரித்தனர். முதலில் ஊனுண்ணி என்றனர். பின்னர் நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி என்றனர். கல்லான மரமாக இருக்கலாமோ என்று சிலர் ஐயுற்றனர். அந்த எலும்புகள் நொறுங்கிப் போய்விட்டன என்று 2017 இல் எழுதப்பட்டது. பொருள் போனபின் எஞ்சிய படங்களைக்கொண்டே விவாதம் நடக்கிறது.

பொருள் இருந்தும் இடம் போய்விட்டால் அது இன்னொரு விதமான இழப்பு. 1989 இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜோன் ரலன்ற் 'நேச்சர்' சஞ்சிகையில் ஒரு குற்றச்சாட்டை வெளியிட்டார். இமயமலையில் எடுத்ததாக ஆண்டுக்கணக்கில் எழுதப்பட்டுவந்த உயிர்ச்சுவடுகள் சில உண்மையில் வேறு நாடுகளின் பாறைகளிலிருந்து வந்தவை என்பதே அது. கற்கள் மெய்யானவை, அவற்றின் ஊர் பொய். அந்தப் பொய்யால் இமயமலையின் காலக்கணக்குக் குழம்பியது. ஒரு கல்லின் பெயர் பிழையாக இருந்தால் நாளை ஒருவர் திருத்துவார். ஊர் பிழையாக இருந்தால் யாராலும் திருத்த முடிவதில்லை.

இதன் பாரத்தை நான் அறிவேன். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தார்கள். கையில் கொண்டுபோகக்கூடியவற்றின் வரிசையில் கற்பெட்டி சேராது. நெடுங்காலத்தின் பின்னர் வீட்டைப் பார்க்க வந்தபோது அந்தத் தகரப் பெட்டி கூரையிழந்த அறையின் மூலையில் கிடந்தது. கற்கள் ஒன்றும் குறையவில்லை. ஒவ்வொன்றிலும் ஒட்டிய கடதாசிச் சீட்டுகளை மழையும் கறையானும் தின்றிருந்தன. எந்தக் கிணறு, எத்தனை முழ ஆழம், எந்த ஆண்டு என்பதெல்லாம் போய்விட்டன. சிப்பி சிப்பியாகவே இருந்தது. ஆனால் அது புத்தூர்ச் சிப்பியா, மாவிட்டபுரத்துச் சிப்பியா என்று சொல்ல நாதியில்லை. அந்தக் காலத்தில் இடம்பெயர்ந்த எத்தனையோ மனிதர்களின் உறுதிகளும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் பட்ட கதிதான் அது.

அதன் பின்னர் என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். சீட்டு எழுதுவதோடு கல்லின் அடிப்புறத்தில் சிறிய இலக்கமொன்றை அழியாத மையால் எழுதுகிறேன். அந்த இலக்கத்துக்குரிய ஊர், ஆழம், திகதி, கல்லின் நிறம், கூடக் கிடந்தவை ஆகியவற்றை ஒரு கொப்பியில் பதிந்து, அதன் பிரதியை வேறொரு வீட்டில் வைக்கிறேன். பெயர் எழுதவேண்டிய இடத்தைப் பென்சிலால் மட்டும் எழுதுகிறேன். மற்றவை மையால். பெயர் மாறக்கூடியது என்பதைக் கையும் மறக்கக்கூடாதல்லவா?

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் நின்றுபோகும்வரை அந்தப் பழைய கடலை உடைத்து உடைத்து எங்களுக்கு வீடுகளாக்கித் தந்தது. இன்று மீண்டும் குடாநாடெங்கும் வீடுகள் எழுகின்றன, கிணறுகள் ஆழமாகின்றன, குழாய்க்கிணறுகள் துளைக்கப்படுகின்றன. கல் மேலே வந்துகொண்டுதான் இருக்கிறது. இந்தக் கல்லைத் தேடி இனி யாரோ ஒரு வேலண்ட் கடல் கடந்து வருவார் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பாடசாலைப் பிள்ளை ஒருவர் வளவிலே குவித்த கல்லைப் புரட்டிப் பார்த்து, அதில் வித்தியாசமாக ஒன்றைக் கண்டால், உடனே பெயர் வைக்க முனைய வேண்டாம். முதலில் அது கிடந்த ஊரையும் ஆழத்தையும் அன்றைய திகதியையும் எழுதட்டும். பிறகு கடற்கரைக்குப் போய், வலை தெரிந்த ஒரு பெரியவரிடம் காட்டட்டும். பல்கலைக்கழகத்துக்கு அதற்குப் பின்னர் போகலாம். பெயர் எப்போதோ ஒரு நாள் வந்து சேரும். அதுவரை அந்தக் கல் தன் ஊரை இழக்காமல் இருக்கட்டும்.